ஒரு படிச் சோறு

ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. இன்னமும் 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மண்டபத்துக்கு எதிர்வீட்டு மாடியில் அந்தப் பலகை தொங்குவதைப் பார்த்துவிட்டேன். மாடிக்குத் தனிப்படி உண்டா, படியில் விளக்கு இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி யார் பக்கம் இருக்கிறது என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து, "யாருக்குப் பாக்குற? ஒனக்கா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நிம்மதியில் பந்தியில் ரெண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் வேலை பார்த்தது காரைக்குடியை ஒட்டிய ஒரு பிள்ளைகள் இல்லத்தில். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள், பஸ் ஸ்டாண்டில் தனியாகக் கிடைத்த பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். பதினெட்டு வயது முடிந்தால் இல்லத்தில் இருக்க முடியாது. முந்தின நாள் வரை பிள்ளை, மறுநாள் பெரிய ஆள். அப்படி வெளியே போகிறவர்கள் தெருவில் நிற்காமல், ஒரு வேலை, ஒரு அறை, ஓர் அடுப்பு என்று காலூன்றும் வரை கூடவே இருப்பதுதான் என் வேலை. சிவகங்கை மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களில் அதற்குப் 'பின்பராமரிப்பு' என்று பெயர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'வீடு பாக்குற டீச்சர்'. நான் டீச்சரே இல்லை. தையல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். இருந்த தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஆளை அனுப்ப மனசில்லாமல் என்னை இந்த வேலைக்கு மாற்றினார்கள். டீச்சர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பயிற்சி என்று மதுரையில் ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் தெருத்தெருவாக அலைந்து தெரிந்துகொண்டதுதான்.

இப்போது என் இடத்தில் இருக்கிற பெண் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். இனிமேல் வெளியே போகிற பிள்ளைகளைத் தனித்தனி அறைகளில் விடப்போவதில்லையாம். ஒரே வீடாகப் பிடித்து நாலைந்து பேரைச் சேர்த்துக் குடிவைக்கப் போகிறார்களாம். "ஏன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லணும் டீச்சர். ஒங்களுக்கு நடந்தது எதையாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றாள். சரி என்றேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கௌசல்யாவும் அவளுடைய குண்டானும்தான்.

அதற்கு முன்னால் எங்கள் மேலாளர் சோமசுந்தரம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அந்தக் குன்றக்குடி முருகனே இறங்கி வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வயதிலிருந்து வாடா, போடா, வா தாயி என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளையை, பதினெட்டு முடிந்த மறுநாள் காலையிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அந்தப் பிள்ளை அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். "உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்பார்.

பிள்ளைகளுக்கு ஈரக்குலை நடுங்கிப்போகும். ஒருத்தன் சாருக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டான். விவரமான பயல்கள் அதை வைத்து ஒரு கேலியே கட்டிவிட்டார்கள். சார் 'நீங்க' என்றால் மரியாதை இல்லையாம், 'இடத்தை விட்டு நீங்க' என்று அர்த்தமாம். யாருக்காவது பிறந்தநாள் வந்தால், "ஒனக்கு எப்படா நீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர, எல்லாருக்கும் உள்ளூர பயம்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "சார், பிள்ளைக பயப்படுதுக. போற நேரத்துல ஏன் இப்படி அந்நியமாக் கூப்புடுறீக?" என்று நேராகவே கேட்டேன்.

"டீச்சர், நாளைக்கு வெளிய போனா கண்டக்டரு 'நீ'ம்பாரு. மொதலாளி 'நீ'ம்பாரு. வாடகை வாங்குறவரு 'ஏய்'ம்பாரு. யாராச்சும் ஒருத்தர் 'நீங்க'ன்னு கூப்புட்டுக் கேட்டிருந்தாத்தான, மத்தவுக 'ஏய்'ங்கறப்ப சுருக்குன்னு தைக்கும்? தைக்காட்டி அது பாட்டுக்குப் பழகிப்போயிரும்" என்றார்.

தைத்து என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வீடு பார்ப்பதிலும் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. பொய் சொல்லக் கூடாது. இரக்கமும் கேட்கக் கூடாது. 'அநாதைப் பிள்ளை, பார்த்துச் செய்யுங்க' என்று சொன்னால் அன்றைக்கு உச்சுக் கொட்டுவார்கள், அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனால் முதலில் இந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். 'இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, இன்ன இடத்தில் வேலை பார்க்கிறது, வாடகைக்கு இல்லம் பொறுப்பு' என்று சொல்ல வேண்டும். அதையும் நான் சொல்லக் கூடாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். நான் ஒரு எட்டு பின்னால் நிற்க வேண்டும். எனக்கோ வாய் ஓட்டம் அதிகம். ஒரு எட்டு பின்னால் நிற்பது என்பது எனக்கு விரதம் இருப்பது போல.

என்னுடைய பங்குக்கு நானும் சிலவற்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அறையை அப்புறம் பார்க்கலாம், முதலில் குளியலறைத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் நம்மிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவர் பால்காரரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்காகவே பால் வரும் நேரமாகப் பார்த்துப் போவேன்.

ஒரு தடவை ஒரு பையனுக்கு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரப் பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் என்ன சாதி என்று அர்த்தம். நினைவு தெரிந்த நாளிலிருந்து இல்லத்தில் வளர்ந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்? நிமிர்ந்து நின்று, "நல்ல ஆளுகதான் ஐயா" என்றான். பெரியவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார். தெருமுனை திரும்பும் வரை கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அவன்தான் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான்.

இனி கௌசல்யா.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்த குழந்தை. இல்லத்திலேயே வளர்ந்தாள். படிப்பு சுமார்தான். சமையலறைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பெரிய பிள்ளைகள் முறைபோட்டுச் சமையலுக்கு உதவ வேண்டும் என்பது இல்லத்தின் வழக்கம். மற்றவர்கள் முறை வந்தால் வயிற்றுவலி என்பார்கள், இவள் அவர்கள் முறையையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். பதினெட்டு முடிந்த மறுநாள் சோமசுந்தரம் சார் சமையலறை வாசலில் வந்து நின்று, "கௌசல்யா, வேலை முடிஞ்சதும் அறைக்கு வந்துட்டுப் போறீகளா?" என்று கேட்டார். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, சமையல்கார அம்மா சாரைத் திட்டியே விட்டார்.

அவளுக்கு ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. உள்ளூரில் ஒரு நிரந்தர விலாசம் வேண்டும் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கழனிவாசல் பக்கம் ஒரு வீட்டில் மாடி அறை. வீட்டுக்கார அம்மா பெயர் சுலைகா. கணவரும் மகனும் மலேசியாவில் இருந்தார்கள். கீழே சுலைகாம்மா மட்டும் தனியாக இருந்தார். பால்காரரிடம் அவர், "ஏம்ப்பா, இப்படி வேர்க்குது, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொன்னதைக் கேட்டு நான் அந்த வீட்டை முடிவு செய்தேன். கௌசல்யா மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வாக்கியத்தையும் நடுங்கி நடுங்கிச் சொல்லி முடித்தாள். பாய், வாளி, ஒற்றை அடுப்பு எல்லாம் வாங்கிப்போட்டு, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் சுலைகாம்மா போன் செய்தார்.

"டீச்சரம்மா, நாளைக்கு இங்குட்டு வந்துட்டுப் போங்க. ஒங்க பிள்ள வெவகாரம் ஒன்னும் சரியில்ல."

மறுநாள் கௌசல்யாவுக்கு வார விடுமுறை. நான் காலையிலேயே போய்விட்டேன். கோபமாக இருந்தாலும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார் சுலைகாம்மா.

"ஒரு ஆளுன்னு சொல்லித்தான குடிவச்சீக?"

"ஒரு ஆளுதாம்மா."

"ஒரு ஆளு திங்கிற சோறா அது? தெனம் காலையில மேல இருந்து வாசம் வருது, கல்யாண வீடு மாதிரி. போன வாரம் மேல போயி எட்டிப் பாத்தேன். இம்புட்டுப் பெரிய குண்டான்!" என்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். "வாங்கின அரிசி மூட்ட அதுக்குள்ள காலி. அந்தச் சோறெல்லாம் எங்க போகுது? நேத்து பாக்குறேன், ரெண்டு ஆம்பள ஆளுக, கையில ஏனத்தோட என் கேட்டுக்கு வெளிய நிக்கிறானுக. இது கீழ எறங்கிப் போகுது."

"அவகிட்டக் கேட்டீகளா?"

"கேக்காம இருப்பேனா? நாலு தடவ கேட்டேன். கல்லு மாதிரி நிக்கிது. குத்தம் இல்லாதவ வாயத் தொறக்க மாட்டாளா? தப்பா நெனைக்காதீக டீச்சரம்மா. நான் ஒத்தப் பொம்பள. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுனா மலேசியாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். மாசம் முடியவும் காலி பண்ணச் சொல்லிருங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு முதல் வீடு என்பது சாதாரண விஷயம் இல்லை. சின்ன ஊர். 'ஆம்பளைகள் வந்து போகிறார்கள்' என்ற ஒரு பேச்சோடு ஒரு பெண் அறையைக் காலி செய்தால், அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்புறம் எவரும் வீடு தரமாட்டார்கள். விலாசம் போனால் கடை வேலை போகும். இல்லத்துக்குத் திரும்பி வர வழியில்லை. அவளுக்கு முன்னால் ஒரு பெண் இப்படித்தான் அறையை விட்டுவிட்டு, எந்தச் சொந்தக்காரரிடமிருந்து அவளைக் காப்பாற்றினோமோ அதே ஆளிடம் போய்ச் சேர்ந்தாள். போய்க் கூப்பிட்டோம், வரவில்லை. அதை நினைத்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறினேன்.

கௌசல்யா சுவர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அந்த நிற்பு தெரியும். இல்லத்தில் திட்டு வாங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்பார்கள். எதிர்த்துப் பேசினால் திட்டு நீளும், பேசாமல் நின்றால் சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். அந்த நிற்பைத்தான் சுலைகாம்மா குற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"யாரு அந்த ஆளுக?" என்று கேட்டேன். "யாராச்சும் ஒன்னைய மெரட்டுறாகளா?" தலையை மட்டும் ஆட்டினாள். இல்லையாம். "அப்ப சொல்லித் தொலையேன் தாயி!" என்று கத்திவிட்டேன். அதற்குமேல் தலை இன்னும் கீழே போனது.

வெளியே மாடிப்படிக்கு வந்து சோமசுந்தரம் சாருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசினால் சுலைகாம்மா கேட்டுக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் வரல டீச்சர்."

"சார், வீடு போயிரும்!"

"நான் பேசுனா வீடு எனக்குத்தான் கெடைக்கும். நீங்க பேசுனா ஒங்களுக்குக் கெடைக்கும். அங்க இருக்கப் போறது கௌசல்யா. அவுகளே பேசட்டும்."

"அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா சார்."

"தொறக்குற வரைக்கும் கூட இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு நான் அவரைத் திட்டியதைப் போல் என் மாமியாரைக்கூடத் திட்டியதில்லை. மனசுக்குள்தான்.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தேன். எனக்கு உண்மையிலேயே பசி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தேன். "சரி. பேச வேணாம். சோறாச்சும் ஆக்கு, சாப்புடுவோம்" என்றேன்.

சமையல் என்றதும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது. கையை அவிழ்த்தாள். குண்டானை எடுத்துக் கழுவினாள். சுலைகாம்மா கையை விரித்துக் காட்டியது பொய் இல்லை, அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். அப்புறம் மூலையிலிருந்து ஒரு பித்தளைப் படியை எடுத்தாள். முதல் சம்பளத்தில் சந்தையில் வாங்கினாளாம். அந்தப் படி நிறைய அரிசியை அளந்து, மேலே கையால் வழித்துவிட்டு, முறத்தில் கொட்டினாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி ஒரு படி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. "ஒரு படிக்குக் கொறைஞ்சு எப்படி டீச்சர் ஒலை வைக்கிறது?" என்று கேட்டாள்.

இல்லத்துச் சமையலறையில் அறுபது பேருக்கு இத்தனை படி, திருவிழா நாளில் இத்தனை படி என்று கணக்கு. சின்னக் கணக்கு என்றால் உடம்பு சரியில்லாத பிள்ளைகள் சிலருக்குத் தனியாக வைக்கும் ஒரு படிக் கஞ்சி. அதற்குக் கீழே ஒரு அளவை அவள் பார்த்ததே இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு ஆளுக்கு என்று யாரும் எதையும் சமைத்ததில்லை. தனியாக இருக்க அவளுக்கு நாங்கள் எத்தனையோ சொல்லிக் கொடுத்திருந்தோம். பேங்க், பஸ், போலீஸ் நம்பர், மாத்திரை எல்லாம். சமையல் மட்டும் சொல்லித்தரவில்லை. அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே!

"மிச்சச் சோத்த என்ன பண்ணுற?"

குரல் கம்மிப்போய்ச் சொன்னாள். "கொட்ட மனசு வரல டீச்சர். தெருவுல பைப்புக்குக் குழி தோண்டுறவுக நிக்கிறாக. அவுகளுக்குக் குடுத்துருவேன். கேக்காம வெளியாளுக்குச் சோறு குடுக்கக் கூடாதுல்ல? அதான் சொல்லல."

இல்லத்தின் அரிசியைக் கேட்காமல் வெளியே கொடுக்கக் கூடாது என்பது சரி. இது அவளுடைய அரிசி, அவளுடைய சம்பளத்தில் வாங்கியது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு கீழே ஓடிப் போய்ச் சுலைகாம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் வாசம் பிடித்து அவரே மேலே வந்துவிட்டார்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. "பாத்தீகளா டீச்சரம்மா! நீங்க இருக்கும்போதே எம்புட்டுத் தைரியம்!" என்றவர் கௌசல்யா பக்கம் திரும்பினார். "ஏய்! இந்தச் சோத்த எவனுக்குடி ஆக்குற?"

கௌசல்யாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொள்ளப் போனாள், கட்டவில்லை.

"என்னைய 'ஏய்'னு கூப்புடாதீக."

நான் சுலைகாம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"'எவன்'னும் கேக்காதீக. நான் வாடகை குடுத்து இருக்கேன். கேட்டுக்குள்ள ஒருத்தரையும் விட்டதில்ல. எனக்கு ஒரு ஆளுக்குச் சோறாக்கத் தெரியல. அம்புட்டுத்தான். மிச்சத்த ஒங்க வாசல்ல குழி தோண்டுறவுகளுக்குக் குடுக்குறேன். வெயில்ல நிக்கிறாக." இவ்வளவும் தரையைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் வாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து மூடினேன். ஒரு எட்டு பின்னால் நிற்பது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகக் கைவந்தது. மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் சாரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சொன்ன மாதிரியே அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது.

சுலைகாம்மா குண்டானை எட்டிப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார். படியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு ஆக்கத் தெரியாதா? இப்படி ஒரு கூத்து உண்டுமா?" என்றார். படியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். எந்தத் தெருவில் அடுத்த வீடு தேடலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கௌசல்யா மட்டும் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

திரும்பவும் படியேறும் சத்தம் கேட்டது. சுலைகாம்மா ஒரு கையில் ஒரு கிண்ணமும், இன்னொரு கையில் சின்னஞ்சிறு பித்தளை ஆழாக்கும் கொண்டு வந்தார். ஒரு படியில் எட்டில் ஒரு பங்கு அளக்கிறது அது.

"இதுல ஒன்னு போட்டா ஒனக்கு ஒரு நேரத்துக்குக் காணும். என் மகன் வெளிநாடு போனப்ப நானும் கொஞ்ச நாளு இப்படித்தான் ஆக்கி ஆக்கிக் கொட்டுனேன். நான் கொட்டுனேன், நீ குடுக்குற." பிறகு குரலைக் கொஞ்சம் விறைப்பாக்கிக்கொண்டார். "ஆனா ஒன்னு. ஒன்னைய நீங்க, வாங்கன்னெல்லாம் என்னால கூப்புட முடியாது. என் மகன விடச் சின்னவ நீ. கௌசல்யான்னு பேரச் சொல்லிக் கூப்புடுறேன். போதுமா?"

கௌசல்யா யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், பேரம் பேசுகிறவளைப் போல. "போதும்" என்றாள்.

"அவுகளுக்கு வெறும் சோத்தையா குடுக்குற? கொழம்பு?"

"ரசம் குடுக்குறேன்."

"ரசமா! குழி தோண்டுறவுகளுக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். மீன் குழம்பு. அன்றைக்கு அந்த ஒரு படிச் சோற்றை நாங்கள் மூன்று பேரும், கேட்டுக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்து தீர்த்தோம். காலி பண்ணுகிற பேச்சு அதற்கப்புறம் வரவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நடந்து வந்தேன்.

சாரிடம் சொன்னபோது, "கடைசியில யாரு பேசுனா?" என்று மட்டும் கேட்டார்.

"கௌசல்யாதான் சார்."

"நல்லது" என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

ஆனால் ஆழாக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தக் குண்டானில் ஆழாக்கு அரிசி அடியில் ஒட்டிக்கொண்டு கருகிப்போனது. சின்னச் சட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது சட்டியில் சோறு அப்படியே இருந்தது. "இம்புட்டுச் சின்னச் சட்டியப் பாத்தாலே அழுகையா வருது டீச்சர். ஆக்குறது கொஞ்சமா இருந்தாப் பரவாயில்ல. உக்காந்து திங்கிறப்ப பக்கத்துல ஆளே இல்ல" என்றாள். நான் அளவை மட்டும் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் இருந்தது தனியாகச் சாப்பிட. அதை எந்த ஆழாக்கால் அளந்து கொடுப்பது? இப்போது பிள்ளைகளை ஒரே வீட்டில் சேர்த்துக் குடிவைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

கொஞ்ச காலத்துக்கு, வாரம் ஒரு தடவை அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே என் வேலையாக வைத்துக்கொண்டேன். சில நாள் சுலைகாம்மா தன் தட்டோடு மேலே வருவார். கடையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் ஒன்றிரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். குழி தோண்டுகிறவர்கள் வேலை முடிந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

நான் போனால் கௌசல்யா எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். "டீச்சர், சினிமாவுக்குப் போகலாமா?", "டீச்சர், முடி வெட்டிக்கலாமா?", "டீச்சர், லீவு போடலாமா?" என்று ஒவ்வொன்றுக்கும் என் வாயைப் பார்ப்பாள். "ஒன் இஷ்டம்" என்று நான் சொன்னால், அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். இது எப்போது தீரும் என்று எனக்குத் தெரியவில்லை. வீடு நிலைத்துவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது. என்னை விட்டு மட்டும் அவள் இன்னும் வெளியே போகவில்லை. நான் இல்லாவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு விடுமுறை நாள். வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மாடிக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன. தட்டினேன். கௌசல்யா கதவைப் பாதி திறந்தாள். தலையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ரெண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர்" என்றாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை. "டீச்சர், இன்னிக்கு வேணாமே. கூட்டாளிக வந்திருக்காக. நாங்க எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, ஆக்கிச் சாப்புட்டுட்டுத் தூங்கப் போறோம். இன்னொரு நாளு வாங்க. வாரதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க, என்ன?"

"சரி" என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உடனே உள்ளே பழைய சிரிப்பு தொடர்ந்தது. நான் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படியில் நின்றுகொண்டிருந்தேன்.

கீழே முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுலைகாம்மா அண்ணாந்து பார்த்தார். "என்ன டீச்சரம்மா, உள்ள விடலையா?"

"விடல."

"அட! கோவிச்சுக்காதீக. சின்னப் பிள்ள, தெரியாமச் சொல்லியிருக்கும். நான் வேணாக் கூப்புட்டுச் சொல்லவா?"

"ஐயோ, கூப்புட்றாதீக!" என்று பதறிப்போய் ரெண்டு ரெண்டு படியாக இறங்கினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணிலும் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பழத்தை அவர் கையில் கொடுத்தேன். "ஒரு டீ மட்டும் போடுங்க சுலைகாம்மா. இன்னியோட எனக்கு ஒரு பிள்ள கொறைஞ்சிருச்சு."